பாண்டியன் முத்தும் பாம்பன் கடலும்

மதுரை கடலைக் காணாத நகரம். தெற்குக் கோபுரத்தின் உச்சியில் ஏறி நின்று நாலு திக்கும் பார்த்தாலும் வயலும் கண்மாயும் ஆனைமலையும் பசுமலையும் தெரியுமேயன்றி, அலை ஒன்றுகூடக் கண்ணுக்குத் தட்டுப்படாது. ஆயினும் இந்நகரை ஆண்ட பாண்டியன் தன் கொடியில் பொறித்தது மீனைத்தான். இங்கே கோயில் கொண்டிருக்கும் அம்பிகைக்குப் பெயரும் மீனின் கண்ணை வைத்தே அமைந்தது. சிலப்பதிகாரத்தில் கோவலன் வழக்கு எதனால் தீர்ந்தது? பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்த பரல் முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்த பரல் மாணிக்கம். கடலே இல்லாத ஊரில், கடலடியிலிருந்து வந்த பொருள் சாட்சி சொல்லி ஓர் அரசனின் உயிரை வாங்கியது.

அந்த முத்துக் கொற்கைத் துறையிலிருந்து வந்தது என்பது நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த விஷயம். மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் நெடுஞ்செழியனைப் புகழும்போது கொற்கையையும் முத்தையும் மறக்கவில்லை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பாண்டிய நாட்டு முத்தைத் தனியாக எடுத்துச் சொல்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடல் வழியாக வந்த கிரேக்க வணிகன் ஒருவன் எழுதி வைத்த கையேட்டிலும் கொற்கை முத்து வருகிறது. ஆனால் அவன் ஒரு வரி அதிகமாக எழுதியிருக்கிறான்: அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று. முத்தை அணிந்தவர்களைப் பற்றி நம்மிடம் எத்தனையோ காவியங்கள் உண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு அதை எடுத்து வந்தவனைப் பற்றி அந்த அந்நியன் எழுதிய ஒற்றை வரிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

இக்காலத்தில் நம் குடும்பங்களில் நீரடிப் பயணம் ஒரு புதிய மோகமாக வந்திருக்கிறது. அந்தமானுக்கும் லட்சத் தீவுக்கும் மாலத் தீவுக்கும் போய், முதுகில் காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு ‘ஸ்கூபா’ முறையில் முழுகி, மீன்களோடு சேர்ந்து படம் எடுத்து அனுப்பாத பிள்ளைகள் குறைவு. போகட்டும், நல்ல காரியமே. ஆனால் மதுரையிலிருந்து நாலு மணி நேர ரயில் தூரத்தில், உலகத்தார் இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிந்த ஒரு வெதுவெதுப்பான கடல் இருக்கிறது என்பதையும், மூச்சடக்கி அதன் அடியைத் தொட்டு வந்த ஜனங்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள் என்பதையும் நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்? ராமேசுவரத்துக்குப் போகிறோம்; இருபத்திரண்டு தீர்த்தத்திலும் ஸ்நானம் செய்கிறோம்; அக்கினி தீர்த்தத்தில் தலையை முக்கி எடுக்கிறோம். கண்ணைத் திறந்துகொண்டு அந்தத் தண்ணீருக்குள் பார்த்தவர் யார்?

இந்தக் கேள்வியோடுதான் பங்குனி மாதத்தில் நாங்கள் மூவர் மதுரையில் ரயில் ஏறினோம்.

வைகை போகும் வழி

மதுரையிலிருந்து ராமேசுவரம் செல்லும் பாதை பெரும்பாலும் வைகையின் பாதையே. ஆறு நகரை விட்டுத் தென்கிழக்கே திரும்புகிறது; ரயிலும் அப்படியே திரும்புகிறது. சிலைமானைத் தாண்டியதும் கீழடி வந்துவிடுகிறது. 2014-ம் ஆண்டுக்குப் பிறகு அங்கே தோண்டியெடுத்த மணிகளும் பானை ஓடுகளும் பிறவும், 2023-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. அப்புறம் திருப்புவனம்; அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி; கடம் செய்யும் மண்ணுக்குப் பேர்போன மானாமதுரை; பிறகு பரமக்குடி. வர வர வயல் குறைந்து சீமைக் கருவேலம் கூடுகிறது. மண் வெளுக்கிறது. பங்குனி வெயிலில் வைகை என்பது மணலின் பெயராகவே ஆகிவிடுகிறது. எஞ்சிய நீர் ராமநாதபுரத்துப் பெரிய கண்மாய்க்குள் போய் அடங்குகிறது. வெள்ளம் மிஞ்சிய காலத்தில்தான் ஆற்றங்கரை என்னும் ஊருக்கு அருகே அது கடலைப் பார்க்கிறது.

ஆறு கடலுக்குச் செல்லத் தயங்கிய இந்தப் பாதையில்தான் முன்பு கடலின் செல்வம் எதிர்த்திசையில் நடந்து வந்திருக்க வேண்டும். முத்தும் சங்கும் மேற்கே வந்தன. நெல்லும் துணியும் கிழக்கே போயின. உச்சிப்புளியைக் கடந்ததும் பனைமரங்களிடையே உப்புக் காற்று வீசத் தொடங்கியது. மண்டபத்தை அடைந்தபோது இடப்புறமும் நீலம், வலப்புறமும் நீலம்.

அங்கிருந்து தீவுக்குச் செல்ல 1914-ம் ஆண்டில் கட்டிய பழைய பாம்பன் பாலத்தில் இப்போது ரயில் ஓடுவதில்லை. அதன் பக்கத்திலேயே அமைத்த புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. நீளம் 2 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். கப்பல் வரும்போது நடுவிலுள்ள 72.5 மீட்டர்ப் பகுதி அப்படியே மேலே உயர்ந்து வழிவிடுகிறது. பாலத்தைக் கடக்கும்போது வண்டியிலிருந்த அத்தனை பேரும் ஜன்னலுக்கு ஓடி வந்தார்கள். எல்லாருடைய பார்வையும் தூரத்து அடிவானத்திலும் படகுகளிலும் இருந்தது. நேர் கீழே, பாறைமேல் பச்சையும் கபிலமுமாகத் தெரிந்த நீரின் அடியைச் சுட்டிக் காட்டியவள் ஒரு சிறு பெண் ஒருத்தியே.

ஆண் கடலும் பெண் கடலும்

ராமேசுவரத் தீவுக்கு வடக்கே இருப்பது பாக் விரிகுடா. தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. ஊர் ஜனங்களுக்கு இந்தப் பெயர்கள் வேண்டியதில்லை. அடங்கிக் கிடக்கும் வடகடலைப் பெண் கடல் என்பார்கள். குமுறும் தென்கடலை ஆண் கடல் என்பார்கள். ஆனால் இந்தக் குணமும் பருவத்துக்குப் பருவம் மாறக்கூடியதே. தென்மேற்குப் பருவக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும். வடகிழக்குப் பருவத்தில் வடகடல் சீறும். இரண்டுக்கும் இடையில், மாசி பங்குனியில், இரு கடலும் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். பழைய நாளில் முத்துக் குளிப்பு இந்த மாதங்களில் நடந்ததற்கு இதுவே காரணம்.

தென்கடலில், தூத்துக்குடியிலிருந்து மண்டபம் வரையில் கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் மாலைபோல் அமைந்திருக்கின்றன. குருசடை, சிங்கிளி, மனோலி, முயல் தீவு, அப்பா தீவு, நல்லதண்ணித் தீவு, வான் தீவு என்று அவற்றின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனாலே வாய் இனிக்கும். ஒவ்வொரு தீவையும் சுற்றிப் பவளப் பாறை. குருசடைத் தீவில் சென்னை மாகாணத்து மீன்வளத் துறையார் ஆராய்ச்சி நிலையம் வைத்திருந்த காலத்தில், உயிர்நூல் மாணவர்களுக்கு அது காசியும் ராமேசுவரமும் போன்ற ஸ்தலமாயிருந்தது. 1986-ல் இத்தீவுகளையும் சுற்றிய நீரையும் சேர்த்து 560 சதுர கிலோ மீட்டர்ப் பரப்பைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-ல் வளைகுடாவில் 10,500 சதுர கிலோ மீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட பவள வகைகளும், 3,600-க்கும் மேற்பட்ட தாவர உயிரின வகைகளும் இங்கே கணக்கில் வந்திருக்கின்றன.

அனுமதியின்றி இத்தீவுகளில் இறங்குவது சட்ட விரோதம். ஆகவே நாங்கள் முழுகத் தேர்ந்தெடுத்தது தடையில்லாத வடகடல் பக்கம். அங்கும் மண்டபத்திலிருந்து கிழக்கே கரைக்கு இணையாக ஒரு பவளத் திட்டு ஓடுகிறது. ஆழம் மிகக் குறைவு. புதிதாய் முழுகுவோருக்கு அதுவே நலம்.

மூச்சை விடு என்னும் உபதேசம்

ஸ்கூபா என்பது ஏதோ ஒரு தீவின் பெயரன்று. தானே தாங்கிச் செல்லும் நீரடி மூச்சுக் கருவி என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்துச் செய்த பெயர். 1943-ம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்தில் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் காஞ்ஞான் என்ற பொறிவல்லுநரும் சேர்ந்து இதற்குத் திறவுகோல் கண்டார்கள். குப்பியில் இருப்பது பலர் நினைப்பதுபோல் தனிப் பிராணவாயு அன்று. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். அதைச் சுமார் 200 மடங்கு அழுத்தி அடைத்திருக்கிறார்கள். நீருக்குள் 10 மீட்டர் இறங்கினால் உடம்பின்மீது அழுத்தம் இரட்டிக்கும். 20 மீட்டரில் மும்மடங்காகும். அந்தந்த ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில், இழுத்தபோது மட்டும் காற்றை வாய்க்குத் தருவதே அக்கருவியின் சூட்சுமம்.

எங்களுக்குக் கற்பித்த வாலிபர் உள்நாட்டுக்காரர். அந்தமானில் பயிற்சி பெற்றவர். கரையில் அரை நாள் உட்காரவைத்துப் பாடம் சொன்னார். காதுக்குள் அழுத்தம் கூடினால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊத வேண்டும். கட்டை விரலை உயர்த்தினால் ‘மேலே போகலாம்’ என்று பொருள்; ‘நன்றாயிருக்கிறேன்’ என்று பொருளன்று. எல்லாவற்றிலும் தலையாய விதி ஒன்று: எக்காரணம் பற்றியும் மூச்சை அடக்காதே. ஆழத்தில் இழுத்த காற்று மேலே வரும்போது விரியும். அதை அடக்கி வைத்தால் நுரையீரல் கிழிந்துவிடும்.

படகை ஓட்டி வந்தவர் உள்ளூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். இந்த உபதேசத்தைக் கேட்டு அவர் லேசாகச் சிரித்தார். அவருடைய குலத்தில் முதல் பாடமே மூச்சை அடக்கு என்பதுதானே! நங்கூரம் போடவேண்டிய இடத்தை அவர்தான் காட்டினார். எந்தக் கருவியையும் பார்க்கவில்லை. கரையில் ஒரு பனையையும் ஒரு கோபுரத்தையும் நோக்கினார். தண்ணீரின் நிறத்தை நோக்கினார். “இங்கே போடுங்க” என்றார். பவளத்தின்மேல் விழாமல் நங்கூரம் மணலில் இறங்கியது.

முதல் ஒரு நிமிஷம் மனம் பதறுவது உண்மை. வாயால் இழுக்கும் மூச்சின் ஓசையைத் தவிர உலகில் வேறு சப்தமே இல்லை. பிறகு பதற்றம் அடங்கி, கண் வேலை செய்யத் தொடங்குகிறது. அடியில் கடற்புல் வயல். நம் வைகைக் கரை நாற்றங்காலைப் போலவே ஒரே திசையில் சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறது. இந்தப் புல்லை மேய்வதற்காகத்தான் ஆவுளியா என்னும் கடற்பசு இக்கடலில் வாழ்கிறது. அதைக் காப்பதற்கென்றே 2022-ல் பாக் விரிகுடாவில், தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரமாக 448 சதுர கிலோ மீட்டர்ப் பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். எங்களுக்கு அதன் தரிசனம் கிட்டவில்லை.

புல் முடிந்த இடத்தில் பவளம். மூளையைப் போல் வரி வரியாய் மடிந்த உருண்டைகள்; மான்கொம்புபோல் கிளைத்த புதர்கள். கிளி மீன் ஒன்று பவளப் பாறையைக் கடித்து நொறுக்கும் ஓசை காதில் தெளிவாகக் கேட்டது. அது தின்று கழிப்பதே நாம் காலாற நடக்கும் வெண்மணலில் ஒரு பங்கு ஆகிறதாம். கடல் தாமரையின் விரல்களுக்கிடையே ஒரு சிறு மீன் ஒளிந்து ஒளிந்து எட்டிப் பார்த்தது. ஓரிடத்தில் அறுந்துபோன நைலான் வலை ஒரு பவளப் புதரைப் போர்த்தியிருந்தது. வலைக்கு உள்ளே பவளம் வெளுத்துச் செத்திருந்தது. நாலைந்து மீட்டர் ஆழம், அரை மணி நேரம், அவ்வளவே எங்கள் பிரதாபம்.

மேலே வந்து படகில் ஏறியதும், “நீர் இதில் முழுகுவதில்லையா?” என்று படகுக்காரரைக் கேட்டோம்.

“சின்ன வயசிலே சங்கு குளிச்சிருக்கேன், ஐயா. எட்டுப் பாகம் வரைக்கும் போவேன். இதிலே கூட்டிக்கிட்டுப் போகணும்னா சர்ட்டிபிகேட்டு வேணுமாம். நமக்கு ஏது?” என்றார். குறைபட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

கல்லும் கயிறும்

எட்டுப் பாகம் என்றால் சுமார் 48 அடி. குப்பி இல்லை, காலில் துடுப்பு இல்லை. முத்துக் குளிப்பவர் 15, 20 கிலோ எடையுள்ள கல்லின் கயிற்று வளையத்தில் காலை நுழைத்துக்கொள்வார். ஒரு முறை ஆழ மூச்சிழுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு கயிற்றை விடுவார். கல் அவரைப் பாருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பார் என்பது சிப்பி படிந்த பாறைத் திட்டு. அங்கே ஒரு நிமிஷத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிப் பைவலையில் போட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் இழுத்துக்கொள்வார். கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருக்க வேண்டும் என்று தென்கரையில் ஒரு வழக்குச் சொல்வார்கள். தன் தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் கயிற்றைக் கைவிட மாட்டான் அல்லவா? இப்படி ஒரு நாளில் முப்பது, நாற்பது தடவை முழுக வேண்டும். காது ஜவ்வு கிழிந்து செவிடாய்ப் போனவர்கள் அநேகர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இந்த முத்துக் குளிப்பைப் பற்றி எழுதியிருக்கிறான். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறா மீனின் வாயை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கு. அந்த மந்திரக்காரர்களுக்குக் கடற்கட்டி என்று பெயர். இரவில் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாக யாரும் இறங்காமல் இருப்பதற்கு! பாண்டியருக்குப் பின் நாயக்கரும் சேதுபதிகளும் முத்துக் குளிப்பில் பங்கு கொண்டார்கள். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்தார்கள், 1658-ல் தூத்துக்குடியை டச்சுக்காரர் கைப்பற்றினார்கள், பின்னர் ஆங்கிலேயர். ஆங்கிலேயர் காலத்தில் சிப்பிக் குவியலில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, மீதி சர்க்காருக்கு என்று இருந்தது. கரையில் கொடிகள் மாறின. கடலுக்குள் குதித்தவர்கள் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களுமாகவே இருந்தார்கள்.

1906-ம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டபோது, கடலின் மேற்பரப்பில் நமக்கும் உரிமை உண்டு என்று நிலைநாட்டினார். அதே துறைமுகத்தில், கடலின் அடியிலிருந்து வந்த செல்வத்துக்கு அந்நியன் ஏலம் போட்டுக்கொண்டிருந்தான்.

முத்துச் சிப்பி நினைத்தபோது விளையும் பயிர் அன்று. இருபது, முப்பது வருஷம் பார் வெறுமையாகக் கிடப்பதும் உண்டு. தூத்துக்குடியில் 1928-க்குப் பின் குளிப்பு நடக்கவில்லை. சுதந்தரம் வந்த பிறகு, 1955 முதல் 1961 வரை மீண்டும் நடந்தது. அதுவே கடைசி. மண்டபத்தில் அமைந்திருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1960-களில் குப்பி கட்டிக்கொண்டு பார்களில் இறங்கி ஆராய்ந்தார்கள். 1973-ல் அந்நிலையத்தின் விஞ்ஞானி அழகர்சுவாமி, சிப்பிக்குள் மணி பதித்து உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார். கடலில் தானாக விளையும் முத்துக்கான குளிப்பு மட்டும் அதன் பின் நடக்கவே இல்லை. சங்கு குளிப்பு இன்றும் தூத்துக்குடியில் நடக்கிறது. வங்காளத்து மணப்பெண்ணின் கையில் ஏறும் வெண்வளை பலவற்றுக்கு நம் தென்கடலே பிறந்த வீடு. ஆனால் அதைக் குளிப்போரில் சிலர், காற்றழுத்த யந்திரத்திலிருந்து ரப்பர்க் குழாய் வழியே மூச்சு வாங்கிக்கொண்டு, கணக்கின்றி ஆழத்தில் தங்குகிறார்கள். விரைந்து மேலே வந்தால் ரத்தத்தில் கரைந்த வாயு குமிழ் குமிழாய்ப் பொங்கிக் கைகாலை முடக்கும். சில வேளை உயிரையும் கொள்ளும். எங்களுக்கு அரை நாள் சொல்லிக் கொடுத்த பாடத்தை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

பாசி எடுக்கும் பெண்கள்

மறுநாள் காலை பாம்பனுக்கு அருகில் சின்னப்பாலத்துக் கரையில் நின்றோம். பாசி எடுத்துவிட்டுப் பெண்கள் படகில் திரும்பினார்கள். சேலைமேல் ஆண்கள் சட்டை; கண்ணுக்குக் கண்ணாடி மூடி; பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணிச் சுற்று. மூச்சடக்கித்தான் முழுகுகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி என்றும் கட்டக்கோரை என்றும் பெயர் சொல்லித் தரம் பிரித்தார்கள். முதல் வகையிலிருந்து எடுப்பதே நம் வீட்டில் பால் இனிப்புக்கும் ஆராய்ச்சிச் சாலையில் கிருமி வளர்க்கவும் பயன்படும் அகர் அகர்.

பூங்கா ஏற்பட்டபின் தீவுகளை ஒட்டிய நீர் இவர்களுக்கு விலக்கப்பட்ட இடம் ஆயிற்று. பாட்டி காலத்திலிருந்து போய் வந்த இடத்துக்குப் போனால் குற்றம். ஆனால் இப்பெண்கள் வெறும் வழக்காடிக்கொண்டு இருந்துவிடவில்லை. மாதத்தில் 12 நாட்கள்தான் பாசி எடுப்பது, மீன் இனம் பெருகும் காலத்தில் 45 நாட்கள் கடலுக்கே போவதில்லை, பவளத்தைச் சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடுவதில்லை என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். இதை முன்நின்று நடத்திய சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-ம் ஆண்டில், தீவுகளின் இயற்கையைக் காப்போருக்கு வழங்கப்படும் சீகாலஜி பரிசு அமெரிக்காவிலிருந்து கிடைத்தது. இப்படிப்பட்ட செய்தி நம் ஊரில் எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்?

நாங்கள் முந்தின நாள் முழுகிய கதையை ஒரு பெண்ணிடம் சற்றுப் பெருமையாகவே சொன்னோம். அவள் பாசியைப் பிழிந்து உதறியபடியே, “நல்லாப் பார்த்தீங்களா, ஐயா? நீங்க பார்த்துட்டுப் போயிருவீங்க. நாங்கதானே பார்த்துக்கணும்!” என்றாள்.

பார்ப்பதற்கும் பார்த்துக்கொள்வதற்கும் நடுவே தமிழில் உள்ள தூரத்தை எந்த இலக்கண ஆசிரியரும் இவ்வளவு சுருக்கமாக விளக்கியதில்லை.

யார் பார்த்துக்கொள்வது?

பார்த்துக்கொள்ள வேண்டிய நிலைமை வந்துதான் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்தில் பல்லாண்டுகள் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். பாறை அலையைத் தடுக்கும் மதில் அல்லவா? மதில் போனபின் மண் எப்படி நிற்கும்? பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டு தீவுகள் கடலுக்குள் மறைந்துவிட்டன. 1986-ல் சுமார் 16 ஹெக்டேர் இருந்த வான் தீவு 2 ஹெக்டேர் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. 2015 டிசம்பர் முதல் அதைச் சுற்றிச் சிமெண்டுப் பாறைகளை இறக்கிக் காப்பாற்றி வருகிறார்கள். அவற்றின்மேல் பவளமும் ஒட்டத் தொடங்கியிருக்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து வெப்பம். கடல் நீர் அளவுக்கு மிஞ்சிச் சுட்டால், பவளம் தனக்கு உணவு தரும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்து நிற்கும். சூடு நீடித்தால் சாகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்படி நேர்ந்தது. 2016-ல் மட்டும் மன்னார் வளைகுடாவின் உயிர்ப்பவளப் பரப்பு நூற்றுக்கு 39 என்ற அளவிலிருந்து 23 ஆகக் குறைந்தது. இதைச் சின்னப்பாலத்துப் பெண்களின் 12 நாள் கட்டுப்பாடு மட்டும் தடுத்துவிட முடியாது. நகரங்களில் வசிக்கும் நாம் எரிக்கும் எரிபொருளுக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த நிலையில் ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நீரடிப் பயணம் பெருகத்தான் போகிறது. அதை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடலுக்குள் ஒரு முறை கண்ணைத் திறந்தவர் அதன்பின் பவளத்துண்டை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைக்கமாட்டார். ஆனால் அந்தப் பயணம் எவர் கையால் நடக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. வெளியூர் முதலாளி கருவி வாங்கி வைப்பதும், வெளியூர்ப் பயிற்சியாளர் அழைத்துச் செல்வதும், எட்டுப் பாகம் முழுகினவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு மேலே உட்கார்ந்திருப்பதுமாக அது முடிந்தால், கொற்கையில் நடந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அன்று அவருடைய மூச்சு மற்றவர்களுக்கு முத்தாயிற்று. இன்று அவருடைய அறிவு மற்றவர்களுக்குத் தொழிலாகும்.

சர்ட்டிபிகேட்டு வானத்திலிருந்து வருவதன்று. கருவியின் பாடமும் முதலுதவியும் சில வாரங்களில் கற்பிக்கக்கூடியவை. எந்தப் பாறையில் எந்த மாதம் நீரோட்டம் திரும்பும், எங்கே நங்கூரம் போட்டால் பவளம் பிழைக்கும் என்பதை எந்தப் பள்ளியிலும் கற்பிக்க முடியாது. முதலாவதை இரண்டாவது உள்ளவர்களுக்குச் சர்க்கார் செலவில் தமிழிலேயே கற்பித்து, குளியாளிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பாசி எடுக்கும் பெண்களுக்கும் உத்தரவு வழங்கினால், பயணிக்கும் பத்திரம், பவளத்துக்கும் பத்திரம். வடகடலோரத்தில் காரங்காடு என்னும் ஊரில் வனத்துறையாரும் ஊராரும் கூடி அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். ஊர் ஜனங்களே வழிகாட்டிகள். தரைமேல் கைகூடியது தண்ணீருக்குள் கைகூடாதா?

நேயர்கள் அடுத்த முறை ராமேசுவரம் போகும்போது மாசி பங்குனியாகப் பார்த்துப் புறப்படுங்கள். தீவுகளில் அனுமதியின்றி இறங்காதீர்கள். கரையில் விற்கும் பவளத்தையும் கடல் குதிரையையும் வாங்காதீர்கள். அவை சட்டப்படியும் விலக்கப்பட்டவை. நீந்தத் தெரிந்தவர்கள் கண்ணாடி மூடி அணிந்து வடகடலில் ஒரு நாழிகை முகம் கவிழ்த்து மிதந்தாலே போதும். வீட்டுப் பெரியவர்கள் படகில் இருந்தபடி பார்க்கலாம். குப்பி கட்டி முழுக விரும்புவோர் அதற்குரிய பயிற்சியும் வைத்தியப் பரிசோதனையும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

கூலி பேசும்போது மட்டும் ஒன்று கேளுங்கள்: “எங்களை அழைத்துப் போகிறவர் இந்தக் கரைக்காரரா?” பத்துக் குடும்பங்கள் கேட்டால் காதில் விழாமல் போகலாம். ஆயிரம் குடும்பங்கள் கேட்டால், அந்தப் படகுக்காரரின் பிள்ளைக்குச் சர்ட்டிபிகேட்டு தானே வந்து சேரும்.